பழகாத தண்ணீர்

ஜூன் 3, செவ்வாய்

மருந்துக் கம்பெனிக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி. இதுவரை இதன் மேல் டீ டம்ளர்தான் வைத்திருந்தேன். இன்று எழுதித்தான் ஆக வேண்டும். வாயால் சொல்ல ஆள் இல்லை.

டயாலிசிஸ் முடிந்து ஊசியை எடுக்கும்போது அண்ணன் டாக்டரிடம் சொல்லிவிட்டார். "போதும் டாக்டர். நிறுத்திக்கிறேன்." நான் அவர் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். இந்த சென்டரில் நான் டெக்னீஷியன், அவர் நோயாளி. வாசலைத் தாண்டினால் அண்ணன், தங்கச்சி. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு அவரும் அவருக்கு நானும்தான்.

டாக்டர் அதட்டவில்லை. எட்டு வருஷமாகிறது. கையில் ஊசி போட மூன்றாவதாக அமைத்த இடமும் அடைக்கப் பார்க்கிறது. இதயம் தளர்ந்துவிட்டது, இனி மாற்றுச் சிறுநீரகம் வைக்க உடம்பு தாங்காது. என்னுடையதைக் கொடுக்க நான் போய் நின்றதும் பொருந்தாமல் திரும்பி வந்ததும் பழைய கதை. "உங்க முடிவுதான் சவரிராஜ். ஆனா மனசு மாறுனா மாத்திக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு" என்றார். நிறுத்தினால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்துப் படுக்கைகள் காலியானதைப் பார்த்தவர்.

ஆட்டோவில் நாகல் நகர் தாண்டியதும் அவரே பேசினார்.

"ஒரே ஒரு ஆச பிலோ. கட வச்சிருந்த காலம் பூரா தங்கமீனும் கப்பியும்தான் வித்தேன். ஒரு கடல் தொட்டி வைக்கணும். ஒரு சோடி மீனும் ஒரு பவளமும் உசுரோட நிக்கிறதப் பாத்துட்டேன்னா போதும். அதுவரைக்கும் வாரேன், ஊசி போட்டுக்கிறேன்."

"அதுக்கு எம்புட்டு நாளாகும்?"

"தண்ணி பழகணும்ல. ஒரு மாசம், ஒன்ற மாசம்."

சரி என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

ஜூன் 8, ஞாயிறு

கடையை மூடியபோது விற்காமல் நின்ற பெரிய தொட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். தூக்கியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், அதிகாரம் செய்தவர் அண்ணன். ஊசிக் கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து "அங்கிட்டு, இங்கிட்டு" என்று விரலாலேயே வேலை வாங்கினார். வடிகட்டிய தண்ணீரை வாளி வாளியாக நான் ஊற்றினேன். மதுரையில் கடல் மீன் விற்கும் இஸ்மாயில் பாய் அனுப்பிய கடல் உப்பைக் கரைத்தோம். வெள்ளைப் பாறைகளை அடுக்கினோம். கடைசியில் ஒரே ஒரு இறாலை உள்ளே போடச் சொன்னார்.

"செத்த இறாலா? அழுகிடும்ணே."

"அழுகணும். அழுகுனா அமோனியா வரும். அது விஷம். அதைத் திங்க கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் பாறையில வந்து குடியேறும். அது தின்னுட்டு விடுறது நைட்ரைட்டு. அதுவும் விஷம்தான். அதைத் திங்க ரெண்டாவதா ஒரு கூட்டம் வரணும். ரெண்டு கூட்டமும் வந்துருச்சுன்னா தண்ணி பழகிருச்சுன்னு அர்த்தம். புது மண்சட்டிய பழக்குவோம்ல, அது மாதிரி. அவசரப்பட்டா விரிசல்தான்."

தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பாடமா என்று கோபம் வந்தது. தினமும் காலையில் சென்டரின் கரி நிரப்பிய கார்பன் தொட்டித் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் நான் மிஷினையே தொடுவேன். சோதனையில் ஒன்றும் தெரியக்கூடாது. தெரிந்தால் நோயாளியின் ரத்தம் கெடும். எனக்குத் தண்ணீர் என்றால் அதில் எதுவும் இருக்கக்கூடாது. இவரோ அழுகட்டும் என்கிறார்.

"கரி மட்டும் கொஞ்சம் போடு, நாத்தம் போகட்டும். வேற ஒன்னும் போடாத. தண்ணிய அதும்பாட்டுக்கு விட்ரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணயர்ந்தார்.

தொட்டியின் பின்புறத்தில் வடிகட்டி அறை. கரிப் பையை அதில் இறக்கினேன். பாய் பெட்டிக்குள் இன்னொரு டப்பாவும் வைத்திருந்தார், பாஸ்பேட் ரிமூவர் என்று. துரு நிறத்தில் குருணை மாதிரி இருந்தது. பாஸ்பேட் என்றாலே எனக்குப் பகை. ரத்தத்தில் அது ஏறித்தான் அண்ணன் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு கிடக்கிறார், எலும்பு நோகிறது என்கிறார். சோற்றில் வரும் பாஸ்பேட்டைப் பிடித்துவைக்க ஒவ்வொரு வேளையும் ஒரு மாத்திரையை மெல்கிறார். அப்படிப்பட்ட சனியன் தொட்டியில் மட்டும் எதற்கு? குருணையைச் செந்நீர் போகும்வரை அலசி, டப்பாவோடு வந்த வலைப்பையில் போட்டு, வாயை நூலால் இறுக்கி இரட்டை முடிச்சிட்டு, கரிப் பைக்கு அடியில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. தூங்குபவரை எழுப்பிச் சொல்லும் விஷயமா இது?

ஜூன் 12, வியாழன்

கூடத்தில் கருவாட்டுக் கடை நாற்றம். அண்ணனுக்கு அதில் என்ன ஆனந்தமோ.

ஜூன் 15, ஞாயிறு

சோதனைக் குழாயில் தண்ணீர் பச்சையாக மாறியது. அமோனியா வந்துவிட்டது. பிள்ளை பிறந்த வீடு போல அண்ணன் ஆர்ப்பாட்டம். ஜவ்வுமிட்டாய் கேட்டார். அரை விரல் அளவு கொடுத்தேன்.

நேற்று சென்டரில் அவருக்குக் காலில் இழுத்துப் பிடித்துக்கொண்டது. கெண்டைக்காலை நான் நீவ நீவ, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஓடும் மின்விசிறியையே பார்த்திருந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

பச்சை போயிற்று. நைட்ரைட்டுக்கான குழாய் கத்தரிப்பூ நிறம். முதல் கூட்டம் வந்துவிட்டதாம். இந்த நிறம் வெளுத்து நீலமானால் இரண்டாவது கூட்டமும் வந்துவிட்டது என்று பொருளாம்.

"பத்துப் பன்னெண்டு நாள்ல வெளுத்துரும்" என்று பாயிடம் ஃபோனில் சொன்னார். கோமாளி மீன் ஒரு சோடி, காளான் மாதிரி விரியும் மெதுபவளம் ஒரு கொத்து, எடுத்து வைக்கச் சொன்னார். ஆரஞ்சு நிறம், வெள்ளைப் பட்டை. ஃபோனில் படம் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை, அடுப்பில் குழம்பு இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

கத்தரிப்பூ நிறம் அப்படியே இருக்கிறது.

அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு வைத்திருக்கிறார். ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். "குடிக்கத் தண்ணி இல்லாதவன் முன்னால குளம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு தொல்லை. தோசை மாவுப் பையில் அவருடைய கடைக் கட்டு. பையின் வாயை முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்டைச் சுற்றிச் சுற்றி, நுனியைக் கொக்கி மாதிரி மாட்டிவிடுவார். மீன் வாங்கினவர் வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்தாலும் சொட்டு ஒழுகாது. மாத்திரைப் பொட்டலத்துக்கும் அதே கட்டு, சர்க்கரைக்கும் அதே கட்டு. அவிழ்ப்பதற்குள் என் நகம் போகிறது. இந்தத் திண்டுக்கல்லில் இந்தக் கட்டு வேறு யாருக்கும் வராது என்று பெருமை வேறு.

ஜூலை 13, ஞாயிறு

இன்னும் வெளுக்கவில்லை. "எத்தன தொட்டி பழக்கியிருப்பேன்! இது மட்டும் ஏன் மசியல?" என்று அண்ணன் தலையைச் சொறிந்தார். நல்ல தண்ணீர்த் தொட்டி அவருக்குக் கைவந்தது. கடல் தண்ணீர் அவருக்கும் புதிதுதான்.

சாயங்காலம் கடைக்குப் போகும் வழியில் பாயைக் கூப்பிட்டேன்.

"உள்ள என்னம்மா போட்டிருக்கீங்க?"

சொன்னேன்.

"அட, அதை ஏன் இப்பவே போட்டீங்க? நானும் சொல்லாம வச்சிட்டேன், என் தப்பு. அது பின்னாடி பாசி பிடிச்சாப் போடுறது. புதுப் பாறை, வடிகட்டின தண்ணி, அதுல இருக்குற துளி பாஸ்பேட்டையும் இது உறிஞ்சிடுச்சுன்னா ரெண்டாவது கூட்டம் எதைத் தின்னு வளரும்? அதுக்கும் கொஞ்சம் வேணும்மா. எடுத்துட்டு ரெண்டு சிட்டிகை மீன் தீனி தூவுங்க. ஒரு வாரத்துல வெளுத்துரும்."

ஒரு வாரம்.

நாளை எடுக்க வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

சென்டரில் வேலை அதிகம். எடுக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

அண்ணனுக்கு டயாலிசிஸ். வீட்டுக்கு வந்ததும் அசந்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

எடுக்கவில்லை. இடுப்பு வலி.

ஜூலை 20, ஞாயிறு

கரியை இத்தனை நாள் ஒரே இடத்தில் போட்டு வைப்பது தப்பு. சென்டரிலும் அப்படி விடமாட்டோம். புதுக் கரி மாற்றினேன். கை வைத்தது வைத்ததுதான் என்று குருணையையும் மாற்றினேன். பழையது இத்தனை நாளில் உழைத்து ஓய்ந்திருக்கும். ஓய்ந்த சரக்கை உள்ளே வைத்திருப்பது சுத்தமில்லை. என் தொழிலில் நான் அரைகுறையாக எதையும் செய்ததில்லை.

ஜூலை 27, ஞாயிறு

"மீன வேற ஆளுக்குக் கொடுத்துருங்க பாய், அடுத்த தடவ பாக்கலாம்" என்று அண்ணன் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார். காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். வெண்டைக்காய் இளசாக இருந்தது.

ஃபோனை வைத்துவிட்டு, "இந்தத் தொட்டி உன்னைய மாதிரி பிலோ, அழுத்தக்காரி" என்றார்.

"உங்களுக்கு வேற யார் மாதிரி வரும்?" என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கத்தரிப்பூ.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுத உட்கார்ந்து நேரமாகிறது.

பாதி டயாலிசிஸில் பிரஷர் சரசரவென்று இறங்கிவிட்டது. முகம் வெளுத்து, நாக்கு குழறி, கண் மேலே செருகியது. காலை உயர்த்தி, சலைனை ஓடவிட்டு, மிஷினைத் தணித்தேன். மற்ற நோயாளிகளுக்குச் செய்வதைத்தான் செய்தேன். அது எனக்குப் பழக்கம்.

நினைவு திரும்பியதும் இரண்டு காலிலும் இழுப்பு. அம்மா செத்தபோது கூட என் முன்னால் அழாத மனிதர். எனக்குச் சோறு போட்டு, படிக்க வைத்து, சபை கூட்டிக் கட்டிக்கொடுத்தவர். இன்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பிலோ, அந்தத் தண்ணி எப்ப ஆத்தா பழகும்?"

அவர் என்னை ஆத்தா என்று கூப்பிட்டது நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது. போர்வையைச் சரிசெய்தேன்.

அவர் வருவது தொட்டிக்காக. தொட்டி பழகாமல் நிற்பது என்னால். அப்படியானால் இன்றைய அழுகை யாரால் வந்தது? இதற்கு மேல் எழுத முடியாது.

ஆகஸ்ட் 13, புதன்

எடுத்துவிட்டேன்.

அவர் குளிக்கப் போனபோது வடிகட்டி அறைக்குள் கையை விட்டு, நூல் கட்டிய பையைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். இரண்டு சிட்டிகை தீனி தூவினேன். டப்பாவில் பாதி மிச்சம், சிங்குக்கு அடியில் தள்ளிவைத்தேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். எனக்கு அவரை விட மனசே இல்லை. ஒரு துளியும் இல்லை. ஆனாலும் எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். கோவிலில் கூட்டம். மாதாவிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் மெழுகுவர்த்தியை மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்திருந்தார்.

"பாய் பேசுனாரு."

பையைக் கீழே வைக்காமலே கேட்டேன், "என்னவாம்?"

"சும்மாதான். தண்ணி பழகிருச்சான்னு கேட்டாரு. உன்னையவும் விசாரிச்சாரு." என்னைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்த மாதிரி இருந்தது. பிறகு, "காப்பி போடு, அர டம்ளர் போதும்" என்றார்.

ஆகஸ்ட் 20, புதன்

குழாயில் நிறம் வெளுக்கிறது. கத்தரிப்பூ நிறம் ஊதாவாகி, ஓரத்தில் நீலம் தட்டுகிறது. இரண்டாவது கூட்டம் வந்துவிட்டது. அண்ணனிடம் காட்டினேன். துள்ளுவார் என்று நினைத்தேன். குழாயை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழகப் போகுது போல."

"ஆமாண்ணே."

"ம்."

இடியாப்பத்தை அப்படியே வைத்துவிட்டார். மாத்திரையை மட்டும் மென்றார். வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் சத்தத்தை நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்டார். ஒருநாளும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நான் வேலையிலிருந்து திரும்பியபோது அண்ணன் விரல் நுனியெல்லாம் செம்மண் நிறம். "ரோஜாத் தொட்டி மண்ணக் கிளறி விட்டேன்" என்றார். முடியாத உடம்போடு குனிந்து மண்ணைக் கிளறுவானேன் என்று சத்தம் போட்டேன். சட்டைக் கையிலும் கறை, சோப்புப் போட்டும் போகவில்லை. ரோஜாவுக்குத் தண்ணீரும் ஊற்றவில்லை, மண் காய்ந்து கிடந்தது.

நேற்று டயாலிசிஸில் சத்தமில்லாமல் படுத்திருந்தார். பிரஷர் இறங்காமல் இருக்க டாக்டர் மிஷின் நேரத்தைக் கூட்டி வேகத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். இழுப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

வெளுத்துக்கொண்டு வந்த நிறம் நின்றுவிட்டது. குழம்பிப் போயிருக்கிறேன். சோதனை மருந்து காலாவதியாகிவிட்டதா என்று பார்த்தேன். இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மறுபடி கத்தரிப்பூ. நான் தூவிய தீனியும் அழுகி, விஷமாகி, தின்ன ஆளில்லாமல் நிற்கிறது.

அண்ணன் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். நான் எடுத்தது போக ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று வடிகட்டி அறையில் கையை விட்டேன். கரிப் பை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு பை தட்டுப்பட்டது.

வலைப்பை இல்லை. பழைய பனியனில் வெட்டிய துணி. உள்ளே துரு நிறக் குருணை. துணியின் வாய் முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்டு சுற்றிச் சுற்றி, நுனி கொக்கி மாதிரி மாட்டியிருந்தது.

எவ்வளவு நேரம் அதைக் கையில் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. தண்ணீர் முழங்கை வழியாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் குறட்டை கேட்டது. அந்தக் குறட்டைக்கு எத்தனை நாள் அவரைத் திட்டியிருக்கிறேன்!

கட்டை அவிழ்க்கவில்லை. இருந்தபடியே, இருந்த இடத்தில், கரிப் பைக்கு அடியில் வைத்தேன். தரையைத் துடைத்தேன். பிறகு அடுப்படிக்குப் போய், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இந்த அழுகை வேறு.

செப்டம்பர் 2, செவ்வாய்

நான் எழுப்புவதற்கு முன்பே அண்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, சென்டருக்குக் கொண்டுபோகும் பையோடு வாசலில் நின்றார். இந்த எட்டு வருஷத்தில் இப்படி நின்று நான் பார்த்ததில்லை.

ஆட்டோவில் நாகல் நகர் தாண்டியதும் கேட்டார்.

"தண்ணி இன்னும் பழகல பாத்தியா?"

"பழகலண்ணே."

"அவசரம் ஒன்னும் இல்ல."

"இல்லண்ணே."

அதோடு இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம். சென்டரில் கார்பன் தொட்டித் தண்ணீரைச் சோதித்தேன். சுத்தமாக இருந்தது. அவர் கையை நீட்டினார், ஊசி போட்டேன், மிஷினை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணயர்ந்தார்.

மத்தியானம் வராந்தாவில் நின்று மதுரைக்கு ஃபோன் செய்தேன். பாஸ்பேட் ரிமூவர் இன்னொரு டப்பா வேண்டும், பெரியதாக இருந்தால் நல்லது என்றேன்.

"இன்னுமா அதைப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? அப்புறம் தண்ணி எப்பிடிம்மா பழகும்?" என்றார் பாய்.

"பழகும்போது பழகட்டும் பாய். நீங்க அனுப்புங்க" என்றேன்.